மூன்றாவது அழைப்புக்குக் காத்திருந்தவர்கள்

மச்சான் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு குண்டூசி வாங்கமாட்டார்கள். கட்டில் என்றாலும் மச்சான், மிக்ஸி என்றாலும் மச்சான், மாமியாருக்கு ஒரு ஜோடி செருப்பு என்றாலும் மச்சான்தான் வரவேண்டும். கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைக்காரர் சிரிப்பார், கோபப்படுவார், கும்பிடு போடுவார், மச்சான் அசையமாட்டார். 'அரைவிலை' என்று சொந்தக்காரர்கள் வைத்த பெயரைப் பட்டம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தார். மனுஷனுக்கு வேறு என்ன பட்டம் இருந்தது? வேலை பார்த்த அச்சகத்தை மூடிய நாளிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். மனைவி சம்பளத்தில் சாப்பிடுகிற சோறு தொண்டையில் இறங்குவதற்கு, எப்போதாவது யாராவது வந்து "கொஞ்சம் பேசிக் கொடுங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டால் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுவார்.

அந்தச் சனிக்கிழமை புது பைக் ஒன்று வாங்கக் கூப்பிட்டவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. அவர் போகிற தெருக்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. "பார்சல் வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அவரும் போனில் "நான் பார்சல் பேசுறேங்க" என்றே சொல்லிச் சொல்லி, ஒருநாள் வாய் தவறி மனைவியிடமும் அப்படியே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பேரத்தில் பார்சல்காரர் சுத்த மோசம். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, போகிறபோது நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ரகம். "உங்களத் தனியா விட்டா வண்டியோட சேர்த்து ஷோரூமையும் உங்க தலையில கட்டி அனுப்பிடுவாங்க. பேசாம அண்ணனக் கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு அண்ணன் மேல் அவ்வளவு நம்பிக்கை. வண்டி வந்துவிட்டது என்றே முடிவு செய்து, பழைய குடைத் துணிகளைப் பிரித்து, பார்சல் பெட்டிக்கு ஒரு மழையுறையும் தைக்கத் தொடங்கியிருந்தாள். கேரியர் அகலம் தெரிந்தால் ஓரம் மடித்து முடித்துவிடலாம் என்றாள்.

ஆசைக்காக வாங்குகிற வண்டி அல்ல அது. பழைய வண்டிகள் இனி ஓடக்கூடாது என்று கம்பெனியில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அவருடைய வண்டியோ சட்டத்துக்கும் முந்திக்கொண்டு, போன வாரமே நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. "சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள புது வண்டி ரசீத போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க. இல்லன்னா உங்க ரூட்ட வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. ஆள் ரெடியா இருக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருந்தார்.

ரூட் போனால் வேலை போனது என்றுதான் அர்த்தம். ரூட் இல்லாதவர்கள் கிடங்கு வாசலில் காலையில் போய் நிற்கவேண்டும். யாராவது வராத நாளில் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். அதோடு அந்தத் தெருக்கள் அவர் பார்த்துப் பார்த்துப் பழகியவை. எந்த வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாது, எந்த வீட்டில் மத்தியானம் குழந்தை தூங்கும், எந்த மாடிக்காரருக்கு முழங்கால் வலி, அவர் இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதை இன்னொருவரிடம் தூக்கிக் கொடுப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கடன் கொடுக்கிறவர்கள் ஒரே ஒரு மாடலுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்றார்கள். காலையில் போன முதல் ஷோரூமில் அந்த மாடல் தீர்ந்துபோயிருந்தது. ஊரில் மிச்சமிருந்தது இந்த இரண்டாவது ஷோரூம். உள்ளே நுழைந்ததும்தான் பார்சல்காரருக்கு மூச்சே வந்தது. ஜன்னல் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், அது நின்றுகொண்டிருந்தது.

"மாப்பிள்ள, வண்டியப் பார்த்துப் பல்ல இளிக்காதீங்க. பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா முடிஞ்சது கதை. மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்குங்க" என்று மச்சான் காதோரம் சொன்னார்.

பார்சல்காரர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். ஆனாலும் மச்சான் மேசைப் பக்கம் திரும்பிய நேரத்தில் மனசு கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கால் இரண்டும் தரையில் சரியாக ஊன்றின. வலது பக்கக் கண்ணாடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தன் உயரத்துக்குத் திருப்பி, பின்னால் தெருவில் போகிற பஸ் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, திருட்டுத்தனம் செய்தவர் மாதிரி இறங்கி வந்தார்.

விற்பனை மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது அவருக்கு. விலைத் தாளை எடுத்துத் திருப்பி வைத்தார். வண்டி விலை, பதிவு, இன்சூரன்ஸ், அதற்குக் கீழே ஹேண்ட்லிங் சார்ஜ், பாலிஷ் கோட்டிங், பின்னால் பெட்டி கட்டுகிற கேரியர் என்று வரிசையாக ஏறிக்கொண்டே போயிற்று. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் போன மாதம் இதே ஷோரூமில் இதே வண்டியை, ஹேண்ட்லிங்கும் பாலிஷும் இல்லாமல், கேரியரைச் சும்மாவே வாங்கிக்கொண்டு போயிருந்தார். நியாயமான விலை எது என்று இருவருக்கும் தெரியும். அதனால் மச்சான் கேட்டதில் பேராசை ஒன்றும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மச்சான் மொத்தத் தொகையைப் பார்த்தார், கண்ணை மூடினார், அதில் பாதியைச் சொன்னார்.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், பாதி விலைக்குப் பாதி வண்டிதான் வரும். முன்சக்கரம் வேணுமா, பின்சக்கரம் வேணுமா?"

மச்சானுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரிங்க, விஷயத்துக்கு வருவோம். அது என்னங்க ஹேண்ட்லிங்? வண்டியத் தோள்ல தூக்கிட்டா வந்தீங்க?"

"லாரியில வருது சார். இறக்கி, கழுவி, செக் பண்ணி…"

"அப்போ அரிசி வாங்கப் போனா மூட்டை இறக்குனதுக்கும் தனியாக் காசு வைக்கணுமா? எடுங்க அத. இந்தப் பாலிஷ் எதுக்கு? புது வண்டிக்குப் பாலிஷ் போடறதா இருந்தா, நீங்க எங்களுக்குப் பழைய வண்டியத் தர்றீங்கன்னு அர்த்தம்."

இப்படியே போயிற்று. மச்சான் கெஞ்சினார், கொஞ்சினார், தங்கை குடும்பத்தின் கஷ்டத்தைச் சொன்னார், டேங்குக்கு அடியில் முடி கனத்தில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு துக்கம் விசாரித்தார். அந்த அம்மா இரண்டு தடவை எழுந்து உள்ளே போனார், இரண்டு தடவை திரும்பி வந்தார். ஹேண்ட்லிங் போயிற்று. பாலிஷ் போயிற்று. பார்சல்காரருக்கு வியப்பாக இருந்தது. அந்த இரண்டையும் அடித்த பேனாக் கோடுகளைப் பார்த்தபோது, இந்த மனுஷனை வீட்டில் உட்காரவைத்த உலகம் எவ்வளவு முட்டாள் உலகம் என்று தோன்றியது.

கடைசியில் கேரியரில் வந்து நின்றது.

"கேரியர் மட்டும் மேனேஜர் சொன்னாத்தான் சார். அவர் வெளிய போயிருக்காரு, போன்லயாவது பிடிச்சுக் கேட்டுச் சொல்றேன். அதுக்குள்ள ஒரு சின்ன அட்வான்ஸ் போட்டு வண்டியப் பிடிச்சு வச்சுக்குங்க. இந்த மாடல்ல இது ஒண்ணுதான் இருக்கு. அடுத்த லோடு வர மூணு வாரம் ஆகும்" என்றார் அந்த அம்மா.

பார்சல்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மேசைக்கு அடியில் மச்சானின் கால் அவர் காலை மிதித்தது.

"'இது ஒண்ணுதான் இருக்கு.' இத நான் செருப்புக் கடையிலயும் கேட்டுட்டேன், பீரோக் கடையிலயும் கேட்டுட்டேன், மாப்பிள்ள" என்று மச்சான் உரக்கவே சிரித்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "கேரியர் இல்லாம நாங்க வாங்கறதா இல்லங்க. யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார்.

இது மச்சானின் பெரிய வித்தை. எழுந்து போவது. அதற்கு ஒரு முறை உண்டு. மெதுவாக எழவேண்டும், ஒரு பெருமூச்சு விடவேண்டும், கதவு வரைக்கும் நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. கட்டில் கடையில் தெரு முனை வரைக்கும் போயிருக்கிறார்கள். கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து கூப்பிட்டார். குடும்பத்தில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் பார்சல்காரரும் எழுந்தார். போகும்போது போன் நம்பரை மட்டும் அந்த அம்மா கேட்டு எழுதிக்கொண்டார்.

எதிர்த்தாற்போல் ஒரு டீக்கடை இருந்தது. ஷோரூம் கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே நடப்பது ஒன்றும் தெரியவில்லை. தெருவும் அதில் போகிற வண்டிகளும்தான் தெரிந்தன. மச்சான் டீயை ரசித்துக் குடித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து பார்சல்காரர் எவ்வளவோ நாளாகப் பார்த்ததில்லை.

"மச்சான், அட்வான்ஸ் போட்டிருக்கலாமோ?"

"அட்வான்ஸ் போட்டா அப்புறம் எங்க பேசறது? நம்ம கழுத்த அவங்க கையில கொடுத்துட்டுக் கேரியரையும் கேட்டா தருவாங்களா? பொறுமையா இருங்க. இப்ப போன் வரும். முதல் தடவ எடுக்கக் கூடாது. அது நாடி பிடிச்சுப் பார்க்கறது. நாம உடனே எடுத்தோம்னா, ஓஹோ, இவங்க தவிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். ரெண்டாவது தடவையும் விட்டுடணும். மூணாவது தடவ எடுங்க. கேரியர் என்ன, ஹெல்மெட்டும் சேர்த்துத் தருவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

மேசை மேல் கிடந்த போனைப் பார்சல்காரர் சட்டென்று எடுத்தார். புது நம்பர். விரல் பச்சை வட்டத்துக்கு மேல் போய்விட்டது. "எடுக்காதீங்க" என்று மச்சான் சொன்னார், கையைப் பிடிக்கவில்லை. பிடித்து இழுத்திருந்தால் பிற்பாடு நினைத்துக்கொள்வதற்காவது ஒரு சாக்கு இருந்திருக்கும். அந்த நிமிஷத்தில் பார்சல்காரருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வந்துவிட்டது. அதுதான் உண்மை. ஆயுசு முழுக்க மற்றவர்கள் வாசலில் நின்று, மணி அடித்துவிட்டு, எப்போது திறப்பார்கள் என்று காத்துக்கிடந்தவருக்கு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேறொருவர் மணி அடித்துக் காத்திருக்கட்டுமே என்று இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். மேசை மேல் அது நடுங்கிக்கொண்டே இருந்துவிட்டு நின்றது.

"சபாஷ்!" என்றார் மச்சான். இன்னொரு டீ சொன்னார்.

இரண்டாவது தடவை போன் வரவில்லை. மச்சான் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார். "யோசிக்கறாங்க. அவங்களுக்கும் கௌரவம் இருக்குல்ல?" என்றார். ஒரு ஆட்டோ வந்து ஷோரூம் வாசலில் நின்றது. ஒரு கணவனும் மனைவியும் இறங்கி உள்ளே போனார்கள். அந்த ஆள் தோளில் ஒயர் சுருளும் ஸ்பேனர் பையும் தொங்கின. மின்வேலை செய்கிறவராக இருக்கவேண்டும். இரண்டாவது டீ தீர்ந்து வெகு நேரமாயிற்று. பார்சல்காரர் போனைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி கவிழ்த்தார், மறுபடி திருப்பினார்.

"மச்சான், நாமளே ஒரு தடவ…"

"கெடுத்துடாதீங்க மாப்பிள்ள. இவ்வளவு தூரம் வந்துட்டு."

கண்ணாடிக் கதவு இரண்டு பக்கமும் திறந்தது. முதலில் ஒரு ஊழியர் பின்பக்கமாக நடந்து வந்தார். பிறகு சாம்பல் நிற வண்டி, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி, சரிவுப் பலகையில் மெல்ல இறங்கியது.

"வேற வண்டியா இருக்கும்" என்றார் மச்சான்.

பார்சல்காரர் எழுந்து நின்றுவிட்டார். மின்வேலைக்காரர் வண்டியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்த ஆள் குட்டை. வலது பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரியாமல், அதைப் பிடித்துக் கீழே திருப்பினார். அதைப் பார்த்ததும் பார்சல்காரருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ரோட்டை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரு லாரிக்காரர் கண்டபடி திட்டிக்கொண்டு போனது மட்டும் காதில் விழுந்தது. ஷோரூம் வாசலிலேயே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"சார்… நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"எதிர்ல. டீக்கடையில."

"கூப்பிட்டேனே சார் நான்! ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. மேனேஜரப் பிடிச்சுப் பேசிட்டேன். அவர் ஒத்துக்கிட்டாரு. நீங்க கேட்ட விலையே, கேரியரும் சும்மாவே கொடுத்துடச் சொன்னாரு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுக்கலன்னதும், சரி, வேற எங்கயோ முடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள இவங்க வந்து மொத்தமாப் பணம் கட்டிட்டாங்க." தொண்டை கட்டிய குரல் இன்னும் இறங்கியது. "ஒரு வார்த்த எடுத்துப் பேசியிருந்தா நான் அப்பவே எழுதி வச்சிருப்பேனே சார்."

மூன்றாவது தடவை கூப்பிடுவீர்கள் என்று உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லமுடியுமா? ஜன்னல் ஓரத்தில் வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. தரையில் டயர் தடம் மட்டும் தெரிந்தது. பார்சல்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான்தான் ஓடினார். மின்வேலைக்காரரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஒரு நிமிஷம். இந்த வண்டி எங்களுக்குப் பேசி வச்சது. தப்பா நினைக்காதீங்க. நீங்க எவ்வளவு கட்டினீங்க?"

அந்த ஆள் வெகுளி. ரசீதையே காட்டிவிட்டார். மச்சான் அதைப் பார்த்தார். "ஹேண்ட்லிங்… ஹேண்ட்லிங்கும் கட்டிட்டீங்களா அண்ணே?" என்றார், யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்கிற குரலில்.

"கேட்டாங்க, கட்டினேன். ஏன்?"

"இல்ல, ஒண்ணுமில்ல. நீங்க கட்டினதுக்கு மேல அஞ்சாயிரம் தர்றோம். வண்டிய எங்களுக்கு விட்டுக் கொடுங்க. உங்களுக்கு அவசரம் இல்லல்ல? எங்க மாப்பிள்ளைக்கு வேலையே இதுலதான் இருக்கு."

அந்த ஆள் மனைவியைப் பார்த்தார்.

"ஏழு. சரி, பத்து. பத்தாயிரம் மேல தர்றோம் அண்ணே."

பார்சல்காரர் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் விலையை ஏற்றிப் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்த மனுஷனுக்கு அது வரவும் இல்லை. இறக்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்! எவ்வளவு நிதானம், எவ்வளவு நையாண்டி! ஏற்றும்போது மூச்சு விடாமல் ஏற்றினார், குரல் கீச்சென்று போயிற்று. பத்தாயிரம் எங்கிருந்து வரும் என்று அவருக்கும் தெரியாது, பார்சல்காரருக்கும் தெரியாது.

எதிரே இருந்த பெண்ணோ, ஒவ்வொரு ஆயிரம் ஏறும்போதும் உஷாராகிக்கொண்டே வந்தாள். "என்னங்க, வேணாம். இவ்வளவு மேல போட்டுக் கேட்கறாங்கன்னா இந்த வண்டியில ஏதோ விசேஷம் இருக்கு. விட்டுடாதீங்க" என்று கணவனின் காதில் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் கையை எடுத்து சீட் மேல் வைத்துக்கொண்டாள். மின்வேலைக்காரர் சங்கடமாக நெளிந்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணே. எங்க வீட்டம்மாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். வண்டியைக் கிளப்பினார். புது எஞ்சின் சத்தம் பிசிறில்லாமல் கேட்டது.

அந்த அம்மா மூன்று வாரம் கழித்து வருகிற லோடில் முதல் வண்டி உங்களுக்குத்தான் என்றார். அதே விலை, அதே கேரியர், எழுதியே தருகிறேன் என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பார்சல்காரர் தலையை ஆட்டினார். வழக்கம்போல, போகும்போது நன்றியும் சொன்னார்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மச்சான் இஸ்திரி போட்ட சட்டையின் கைமடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. பார்சல்காரர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னங்க பார்சல், ரசீது இன்னும் வரலயே?" மேற்பார்வையாளர்.

நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார், மூன்று தடவைக் கதையை மட்டும் விட்டுவிட்டார். "மூணு வாரத்துல வண்டி வந்துடும் சார். எழுதித் தர்றேன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் மட்டும் ரூட்ட நிறுத்தி வச்சா…"

"மூணு வாரம் ரூட்டு காலியாக் கிடக்குமாங்க? ஜனங்க பார்சலுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல? நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். திங்கக்கிழமைலேர்ந்து அந்த ஆள் வர்றாரு. நீங்க காலையில கிடங்கு வாசலுக்கு வாங்க, யாராவது வரலன்னா பார்க்கலாம்." பிறகு தயங்கி, "அந்த மூணாவது தெருவுல ஒரு மாடி வீடு, பெரியவரு, மணி அடிச்சாத் லேசுல திறக்க மாட்டாருன்னு சொல்வீங்களே, அது எந்த வீடு? புது ஆளுக்குச் சொல்லணும்" என்றார்.

"திறப்பாரு சார். அவருக்கு முழங்கால் வலி. பச்சைக் கேட் வீடு. மணி அடிச்சுட்டுக் கொஞ்சம் பொறுக்கணும், அவ்வளவுதான்" என்றார் பார்சல்காரர். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சானுக்கு எல்லாம் கேட்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "தங்கச்சிகிட்ட…" என்று ஆரம்பித்தார். அவர் வீடு இன்னும் தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிவிட்டார். பஸ் கிளம்பும்போது பார்சல்காரர் எட்டிப் பார்த்தார். மச்சான் நிறுத்தத்திலேயே, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவரைத் திட்டவேண்டும் என்று பார்சல்காரர் வழியெல்லாம் வார்த்தை தேடியிருந்தார். ஒன்று கூட வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தது யார் கை?

வீட்டு வாசலில் மனைவி தயாராக நின்றாள். தோளில் மழையுறை கிடந்தது, கையில் அளவு நாடா இருந்தது, வாயில் இரண்டு குண்டூசி கடித்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் குண்டூசியை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன, வண்டிய முனையிலேயே நிறுத்திட்டு வர்றீங்களா? அண்ணன் ஓட்டிட்டு வர்றாரா? சொல்லுங்க, எவ்வளவு குறைச்சாரு?"

"எல்லாத்தையும் குறைச்சுட்டாரு. ஹேண்ட்லிங் எடுத்தாச்சு. பாலிஷ் எடுத்தாச்சு. நாம கேட்ட விலைக்கே ஒத்துக்கிட்டாங்க" என்றார் அவர்.

"கேரியரு?"

"அதுவும் சும்மாவே தர்றேன்னு சொல்லிட்டாங்க."

அவள் முகம் பூரித்துவிட்டது. "நான் சொல்லல? எங்கண்ணன் போனா நடக்காதது ஏதாவது உண்டா? நீங்க தனியாப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க!" என்றாள். அளவு நாடாவை உதறி நீட்டிக்கொண்டு, அவரைத் தாண்டி இரண்டு எட்டு தெருவில் இறங்கி, வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.